மாமாவின் மோட்டார் சைக்கிளை நான் விற்றுக்கொடுத்த கதை

பதற்றம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்குக் குழறும். எனக்கு உண்மை வந்துவிடும். சிட்னி விமான நிலையத்தில் பெட்டிகளை மோந்து பார்க்கும் அந்த நாய் என் பக்கம் திரும்பிக்கூட இருக்காது. நான் அதைப் பிடித்திருப்பவரிடம் வலியப் போய், ஒடியல் மா, கருவாடு, மனைவி தன் பெட்டியில் வைத்துத் தானே மறந்துபோன எலுமிச்சை ஊறுகாய் என்று எல்லாவற்றையும் ஒப்புவித்துக்கொண்டிருப்பேன். பொலிஸ்காரர் காரை மறித்து ஊதச் சொன்னால், ஊதுவதற்கு முன்னமே போன மாதம் சிவப்பு விளக்கில் போனதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவேன். "நாற்பதைத் தாண்டின ஆம்பிளைக்கு இது வடிவே?" என்று மனைவி கேட்கிறாள். வடிவில்லைத்தான். என்ன செய்வது, பத்து வயதில் பிடித்த வியாதி. சிட்னிப் புறநகரான டூங்கபியில், எங்கள் வீட்டுக் கராஜ் வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிடித்தது. அன்றைக்கு நான் வாயைத் திறந்ததால்தான் என் மாமா வீட்டைவிட்டுப் போனார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அந்தக் காலத்தில் அவர் எங்கள் கராஜில் குடியிருந்தார். ஒரு பாதியில் அவருடைய கட்டில், மறுபாதியில் அவருடைய மோட்டார் சைக்கிள். அப்பாவின் கார் வெளியே வெயிலில் காய்ந்தது. அதைப்பற்றி அப்பாவுக்கு ஒரு நிரந்தரமான மனக்குறை இருந்தது.

பழைய வாகனங்களை உடைத்து உதிரிப்பாகம் விற்கும் இடமொன்றில் மாமாவுக்கு வேலை. வின்ட்சர் பக்கம் பண்ணை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு வருடக்கணக்காகத் தண்ணீர்ப் பம்பைச் சும்மா திருத்திக்கொடுத்து வந்தார். கிழவர் காணியை விற்றுவிட்டுப் போகிறபோது, கோழிக்கூட்டுக்குள் ஒரு சாமான் கிடக்கிறது, நீயே எடுத்துக்கொள் என்றாராம். அதுதான் இது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க இராணுவத்துக்கென்று செய்து, கப்பலில் இங்கே வந்து இறங்கியது. யுத்தம் முடிந்ததும் மலிவாக விற்றுத் தள்ளியபோது கிழவர் வாங்கி, கொஞ்சக் காலம் ஓடித் திரிந்து, கலியாணம் கட்டி, கோழிகளிடம் ஒப்படைத்துவிட்டார்.

அது ஓடாது. ஆனால் அதில் ஏறி நானும் மாமாவும் போகாத இடம் கிடையாது. மாமா முன்னுக்கு, நான் அவருடைய இடுப்பைப் பிடித்தபடி பின்னுக்கு. அதற்குக் கியர் காலில் இல்லை. எண்ணெய்த் தாங்கியின் பக்கத்தில் கார் கியர் போல ஒரு தடி நிற்கும். மாமா அதைத் தள்ளுவார், நான் வாயால் எஞ்சின் சத்தம் போடுவேன்.

"எங்க போவம், மருமோன்?"

"பொண்டாய் கடற்கரை!"

"தலைக்குப் போட்டனியோ?"

அரிசி கழுவும் சட்டியைத் தலையில் கவிழ்த்திருப்பேன். "போட்டாச்சு!"

"அப்ப இறுக்கிப் பிடி, பரமட்டா ரோட்டில பொலிஸ் நிப்பான்."

சனிக்கிழமைகளில் மாமா ஒரு பழைய துணியில் எண்ணெய் தோய்த்து அதன் உடம்பு முழுக்கத் துடைப்பார். கீறலும் கறையும் உரிந்த பச்சையுமாக இருந்த அதற்கு இந்த மரியாதை ஏன் என்று எனக்கு விளங்கியதில்லை. நான் ஒருமுறை மினுக்குவதற்கு இரும்புத் தேய்ப்பானைக் கொண்டுபோனபோது மட்டும் என் கையைப் பிடித்துவிட்டார். என்னிடம் அவர் கோபப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

இப்படி நாங்கள் சந்தோஷமாக ஓடாமல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மெல்பேர்ன் வந்தது. அங்கே டண்டினோங் என்ற பகுதியில் இருந்த மாமாவின் சிநேகிதர் ஒருவர் கார் திருத்தும் கராஜ் ஒன்றை எடுக்கப்போகிறார், பங்குக்கு வா என்று தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினை காலத்துக்கடா கராஜுக்குள்ள படுப்பாய்? சொந்தமா ஒரு தொழில் இருந்தாத்தானே பொம்பிளை கேக்கலாம்."

"ஓம் அக்கா."

"அங்க த பேசின் எண்ட இடத்தில பிள்ளையார் கோயிலும் இருக்காம். மலையடிவாரமாம், நல்ல காத்தாம்."

"ஓம் அக்கா."

மாமா எதற்கும் ஓம் அக்காதான். பங்குக்குப் போட அவரிடம் காசு இருக்கவில்லை. இருந்தது அந்த மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். எனவே அப்பா குசினி மேசையில் தீர்ப்பு வழங்கினார். "மச்சான், அது நல்ல விலைக்குப் போனால் நீ மெல்பேர்ன் போ. போகாட்டி இஞ்சயே இரு. ஆனா அந்த இரும்பை மட்டும் வெளியில எடு. என்ர கார் பாவம்."

"ஓம் அத்தான்."

நான் சோற்றைப் பிசைந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் மிகத் தெளிவாக இருந்தது. விலைப்பட்டால் மாமா போய்விடுவார், விலைப்படாவிட்டால் மாமா இருப்பார். அன்றிலிருந்து சாமியறையில் நான் வைத்த விண்ணப்பம் பிள்ளையார் அதுவரை கேட்டறியாததாக இருந்திருக்கும்: அப்பனே, எங்கள் வீட்டுச் சாமானை ஒருவருக்கும் பிடிக்காமல் செய்.

மாமாவின் முதலாளி ஒரு மதிப்பீட்டாளரை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒழுங்குபண்ணிக் கொடுத்தார். உடனே எங்கள் வீடு பெண் பார்க்க வருகிற வீடு போல ஆகிவிட்டது. அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் கார் வாங்கி விற்ற அனுபவம் உண்டு. அங்கே விற்பனைக்கு முதல்நாள் பெயின்ட் அடிக்காத வாகனத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வயதையும் கொஞ்சம் குறைத்துச் சொல்லவேண்டும். அது பொய்யில்லை, முறை.

"உந்தக் கோலத்தில காட்டினால் கோழிக்கூட்டோட சேர்த்து விலை கேப்பான்" என்று சொல்லி, எங்கள் வேலிக்கு அடித்து மிஞ்சியிருந்த நீலப் பெயின்ட் வாளியை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வேண்டாமென்று போன நிறம் அது. கடையில் அரை விலைக்குக் கிடைத்ததென்று வாங்கியிருந்தார். அந்தத் தெருவில் எங்கள் வேலியை விமானத்திலிருந்தும் கண்டுபிடிக்கலாம்.

மாமா வாளியைப் பார்த்தார், பிறகு மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கோ அத்தான், தூசு துடைச்சுத் தாறன்" என்று எண்ணெய்த் துணியை எடுத்தார். அன்றைக்கு அவர் துடைத்ததைப் பார்த்தால் அப்பளமே பொரிக்கலாம் போலிருந்தது. அப்பா பூச, பெயின்ட் வழுகி வழுகி ஒதுங்கியது.

"என்ன கோதாரி, பிடிக்குதில்லையே?" அப்பா விடவில்லை. மேலே மேலே அடித்து, கடைசியில் நீலச் சட்டை ஒன்றையே அதற்குத் தைத்துப் போட்டுவிட்டார். எலி கடித்த தோல் இருக்கையைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கறுப்பு ரெக்சின் இருக்கை பூட்டினார். துருப்பிடித்த புகைக்குழாய்க்குப் பதிலாகப் பளபளக்கும் குழாய். கழற்றியதெல்லாம் தோட்டத்துக் கொட்டிலுக்குள் போயிற்று. அம்மா தன் பங்குக்கு முன்விளக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, உள்ளே கறி வைத்து மடிக்கும் பற்றிஸ் பொரிக்கப் போனார்.

வந்தவர் ஆறடிக்கு மேல். அரைக் காற்சட்டை, முழங்கால்களில் தரைவிரிப்புப் போடுகிறவர்கள் கட்டுவது போன்ற மெத்தைகள். பழைய அமெரிக்க மோட்டார் சைக்கிள்களுக்கு விலை சொல்வது பாதிக்குமேல் முழங்காலில் நின்று செய்கிற வேலையாம். சட்டைப் பையில் பல் வைத்தியர் வைத்திருப்பது போல நீளப் பிடி போட்ட சின்னக் கண்ணாடி ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

கராஜ் வாசலில் நின்று மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். திரும்பி எங்கள் வேலியைப் பார்த்தார். மறுபடியும் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மெல்லத் தொண்டையைச் செருமினார்.

அப்பா தன் அலுவலக ஆங்கிலத்தில் தொடங்கினார். ஐம்பதுகளின் கடைசியில் செய்தது, மிக இளமையானது, அதிகம் ஓடவில்லை, எல்லாம் புத்தம்புதிது. அந்த மனிதர் "அப்படியா?" என்றார். கண்ணாடியை வெளியில் எடுத்தார். புது இருக்கையை ஒரு விரலால் அழுத்தினார், பளபளத்த குழாயைத் தட்டினார், பிறகு கண்ணாடியை நிமிர்த்திக்கூடப் பார்க்காமல் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "மோசமில்லை" என்றார். "நல்லாய்ப் பராமரித்திருக்கிறீர்கள்." அம்மா நீட்டிய தட்டிலிருந்து பற்றிஸை எடுத்துக் கடித்துவிட்டு, இது அபாரம் என்றார். இதைச் சொன்னபோது மட்டும் அவருடைய முகத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது.

கண்ணாடி பைக்குள் போனால் கதை முடிந்தது என்று அர்த்தம். அவர் பார்த்தது ஒரு நீல நிறப் பாழ். பாகங்களுக்குக் கழற்றலாம், அவ்வளவுதான். இது எனக்கு இப்போது தெரியும். அன்றைக்கு அந்தக் கராஜில் இது தெரிந்த ஒரே ஆள் மாமா. உடைக்கிற இடத்தில் இப்படி வந்து போகிறவர்களை அவர் தினமும் பார்ப்பவர். நான் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் முகத்தை. அது ஹரிஸ் பார்க் இனிப்புக்கடை ஜன்னல் மாதிரி ஒளிவிட்டுக்கொண்டிருந்தது. அப்பா அம்மாவின் காதுக்குள் குனிந்து, "பிடிச்சிட்டுது. மச்சானை மெல்பேர்ன் பஸ் ஏத்தியாச்சு" என்றார்.

மாமாவின் கட்டில் இல்லாத கராஜ் கண்முன்னால் வந்து நின்றது. வாய் தானாகத் திறந்தது.

"அது வேலிப் பெயின்ட்!" என்று ஆங்கிலத்தில் கத்தினேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா சிரிக்க முயன்றார். "சின்னப் பிள்ளை, பகிடி."

"பகிடி இல்லை. அந்தா நிக்குது வேலி, பாருங்கோ! நேற்றுத்தான் பூசினது. உள்ளுக்கு ஒரே பழசு. அசிங்கமான பச்சை. பிறந்ததிலிருந்து ஒருவரும் பெயின்ட் அடிக்கவே இல்லை!"

அந்த மனிதர் மெல்லுவதை நிறுத்தினார். பற்றிஸை முன்விளக்கின் மேல், குங்குமத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எண்ணெய்த் தாங்கியின் ஓரத்தில் பெருவிரல் நகத்தை விட்டு நெம்பினார். அப்பாவின் நீலச் சட்டை அப்படியே கழன்று வந்தது, பொண்டாய் வெயிலில் முதுகு காய்ந்தவர்களுக்குத் தோல் உரிவதுபோல, ஒரே துண்டாக. அடியில் மாமாவின் எண்ணெய் மினுங்க, அந்தப் பழைய பச்சை. பச்சையின் நடுவே மங்கிப்போன ஒரு வெள்ளை நட்சத்திரம்.

அவர் முழங்காலில் விழுந்தார். மனிதர் இடிந்துபோய்விட்டார் என்று எனக்கு ஒரே உற்சாகம். விடுவேனா?

"சீற்றும் பொய்! உண்மையான சீற் கிழிஞ்சுபோச்சு, எலி கடிச்சது. கொட்டிலுக்குள்ள கிடக்கு!"

"கொண்டு வா" என்றார்.

"டேய், பேசாமல் உள்ளுக்குப் போ!" என்று அப்பா பல்லைக் கடித்தார். "தம்பி, உனக்கென்ன விசரே?" என்றார் அம்மா. நான் ஏற்கெனவே கொட்டிலுக்குப் பாதி தூரம் ஓடியிருந்தேன். பஞ்சு பிதுங்கிய இருக்கையைத் தூக்கிவந்து அவர் முன்னால் போட்டேன். திரும்ப ஓடிப்போய்த் துருப்பிடித்த குழாயையும் இழுத்து வந்தேன், கொங்கிரீட்டில் அது போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒவ்வொன்றையும் போடப் போட அவர் தலையில் கைவைத்தார். கடைசியில் தரையிலேயே இருந்துவிட்டார். வெற்றி நெருங்குகிறது என்று நினைத்தேன்.

"வயசும் பொய்!" என்று என்னிடமிருந்த கடைசிக் குண்டையும் போட்டேன். "ஐம்பதுகள் இல்லை. யுத்தத்தில வந்தது. சரியான கிழடு. ஒரே ஒரு ஆள்தான் வைச்சிருந்தவர், அவரும் ஓடேல்லை, கோழிதான் இருந்தது. கோழி எச்சம் இன்னும் சில்லுக்குள்ள இருக்கு, வேணுமெண்டால் காட்டுறன்!"

"ஒரே ஆள்?" என்றார்.

"ஒரே ஆள்!" என்றேன், இரக்கமில்லாமல்.

அவர் கண்ணாடியை மறுபடி எடுத்தார். மல்லாந்து படுத்து எஞ்சினுக்கு அடியில் தலையை விட்டார். எஞ்சினின் வயிறு இரண்டு பாதியாக வார்த்தது, இரண்டிலும் ஓர் எண் குத்தியிருக்கும், இரண்டும் ஒன்றாக இருந்தால் அவை ஒன்றாகப் பிறந்தவை என்று அர்த்தமாம். அடியிலிருந்து ஒரு விசில் சத்தம் வந்தது. பிறகு ஒரு சிரிப்பு. வெளியே வந்த முகம் முழுக்கக் கறுப்பு, கண்ணில் தண்ணீர்.

அவர் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அம்மாவுக்காக நானே அதைத் தமிழாக்கவேண்டி வந்தது. வாயால் சொல்லச் சொல்லத்தான் நான் செய்த வேலை எனக்கே விளங்கியது. இந்தச் சாதி வாகனத்துக்கு வயது கூடக்கூட விலை கூடும். புதுப்பித்து மினுக்கியவை ஊரெல்லாம் கிடக்கும். பிறந்த பெயின்டோடு, சொந்த இருக்கையோடு, ஒரே கையில் இருந்து கெடாமல் கிழடானது கிடைப்பதுதான் அருமை. கிழிந்தாலும் அது அதனுடையதாக இருக்கவேண்டும்.

"அப்ப கிழடெண்டாத்தான் விலை கூடவோ?" என்றார் அம்மா.

"ஓம். ஆனா மேல ஒண்டும் பூசாத கிழடா இருக்கோணுமாம்."

அம்மா, வெள்ளிக்கிழமைதான் தலைக்கு டை அடித்திருந்த அப்பாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உங்களை விக்கேலாது."

அந்த மனிதர் ஒரு தொகை சொன்னார். அப்பா அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இரண்டாம் முறையும் அதே தொகையாக இருந்ததும் அப்படியே பின்னால் நகர்ந்து பெயின்ட் வாளியின் மேல் இருந்துவிட்டார். வாளிக்கு மூடி போட்டிருக்கவில்லை.

அதன்பிறகு அங்கே நடந்தது திருவிழா. அப்பா பின்பக்கம் நீலமாக எழுந்து நின்று அந்த மனிதரைக் கட்டிப்பிடித்தார். அம்மா என்னை இழுத்து நெற்றியிலும் கன்னத்திலும் கொஞ்சினார். "என்ர குஞ்சு! எங்களுக்கு விளங்காததெல்லாம் உனக்கெல்லோ விளங்கியிருக்கு! லைபிரரி லைபிரரியெண்டு ஓடினது வீண்போகேல்லை!" நான் நூலகத்தில் படித்தது டைனோசர்களைப்பற்றி மட்டும். நான் விக்கி விக்கி அழுதேன். "சந்தோஷத்தில அழுறான்" என்று அப்பா எல்லோருக்கும் அறிவித்தார். அந்த வாரம் முழுவதும் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு அங்கிளுக்கும் அன்ரிக்கும் அந்தக் கதை சொல்லப்பட்டது. சொல்லச் சொல்ல வேலிப் பெயின்ட் அப்பாவின் தந்திரமாக மாறியது: பழைய பெயின்டைப் பாதுகாக்க அவர் போட்ட மேற்பூச்சு. நான் மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்றார்கள்.

மோட்டார் சைக்கிளை ஏற்றிப்போக ஒரு லொறி வந்தது. அடுத்த கிழமை மாமாவை ஏற்றிப்போக சிநேகிதரின் வான் வந்தது. கட்டிலை மடக்கி ஏற்றியபிறகு மாமா என்னிடம் வந்தார். என் தலையில் கையை வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"போட்டு வாறன், மருமோன். கெட்டிக்காரன் நீ."

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அன்று இரவே அப்பாவின் கார் கராஜுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டது.

மாமா நன்றாகத்தான் இருக்கிறார். டண்டினோங்கில் அந்த ஒரு கராஜ் மூன்றாகியிருக்கிறது. அங்கேயே ஒரு மாமி, இரண்டு மச்சாள்மார், பின்வளவில் எலுமிச்சை. கலியாண வீடுகளில் என்னைக் கண்டால் பக்கத்தில் நிற்பவர்களிடம், "இவர்தான் என்ர புரோக்கர். பத்து வயசில தொழிலுக்கு வந்தவர்" என்று அறிமுகப்படுத்துவார். நானும் குனிந்து கமிஷன் கேட்டுக் கையை நீட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். நாங்கள் இருவரும்கூட.

அந்தப் பின்னேரத்தில் நான் கண்டும் ஒருவரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த மனிதர் முதல்முறை கண்ணாடியைப் பையில் போட்டாரே, அப்பா குனிந்து அம்மாவின் காதில் பேசினாரே, அந்த இடைவெளியில் நான் மாமாவின் பக்கமும் பார்த்தேன். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அம்மா இரண்டு தரம் அதட்டியும் சாப்பாட்டைத் தொடவில்லை. கண்ணாடி பைக்குள் போனதும், கதவுநிலையில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். கைகளைக் காற்சட்டையில் துடைத்தார். தட்டிலிருந்து ஒரு பற்றிஸை எடுத்து முழுதாக வாய்க்குள் போட்டுக்கொண்டு, அது போதாமல் ஒவ்வொரு கையிலும் ஒவ்வொன்றாக எடுத்தார். எடுத்துக்கொண்டு தன் கட்டிலில் போய், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மாமாவுக்குச் சரியான பசி என்றுதான் நான் நினைத்தேன்.